ஃபெவிக்விக் அஞ்சு ரூபாய் டியூப்: மீன் மாட்டுமா, செருப்பு ஒட்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை ஷாம்பு சரத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் தொங்கும். ரிமோட் மூடி, பீங்கான் பொம்மை மாதிரி உடைந்த இடம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகிற சாமானுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை. ஒரு சொட்டு வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முடிந்தது. செருப்பு வாருக்கு மட்டும் வேண்டாம். இந்த வகைப் பசை இறுகினால் விறைத்துவிடும், நாலு எட்டு நடந்ததும் விட்டுப்போகும்.

சரி, கடையில் போய் யாரும் இந்தப் பசையின் ரசாயனப் பேரைச் சொல்லி சயனோஅக்ரிலேட் கொடுங்க என்று கேட்பதில்லையே, ஃபெவிக்விக் என்றுதானே கேட்கிறோம். அதற்குப் பாதிக் காரணம் அந்த மீன் விளம்பரம் என்பது என் கட்சி. ஓகில்வி என்கிற விளம்பரக் கம்பெனி எடுத்தது. தூண்டில், சாமான் சட்டு என்று ஒருத்தர் மெனக்கெட்டு உட்கார்ந்திருப்பார், ஒரு மீனும் வராது. இன்னொருத்தர் வந்து ஒரு குச்சியில் சொட்டுச் சொட்டாகப் பசையை வைத்து, தண்ணீரில் விட்டு எடுப்பார். குச்சி நிறைய மீன்!

தேவனாம்பட்டினத்து நண்பன் ஒருவன், படகில் போகிறவன், இதைப் பார்க்கும்போதெல்லாம் "இது மட்டும் நிஜமா இருந்தா டீசல் காசு மிச்சம்டா" என்று சிரிப்பான். நடக்காது என்று நன்றாகத் தெரிந்தவன்தான் அதிகமாகச் சிரிக்கிறான். உண்மையில் இந்தப் பசை இறுகுவதே ஈரம் பட்டுத்தான்; மீன் கிட்டே வருவதற்குள் குச்சியிலேயே கெட்டிப்பட்டுவிடும். ஆனால் பொய் அந்த ஒன்றுதான். ஆள், குச்சி, தண்ணீர் எல்லாம் நாம் தினம் பார்ப்பது. அந்த ஒரு பொய்யும் பசையின் வேலையைப் பற்றியே இருப்பதால், சிரித்து முடித்த பிறகு மனசில் மிச்சம் நிற்பது ஒட்டுகிற சங்கதி. இதையே 'மற்றதைவிட இத்தனை மடங்கு வலு' என்று சொல்லியிருந்தால் யார் அளந்தது என்று கேட்டிருப்போம். மீனோடு யார் சண்டைக்குப் போவது? விளம்பரத் தரக் கவுன்சிலின் விதியிலேயே, வேடிக்கைக்காகச் சொல்வது என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிற மிகைக்கு இடம் உண்டு.

ஃபெவிக்விக் தயாரிக்கிற பிடிலைட் கம்பெனியின் ஃபெவிகால் பஸ் விளம்பரமும் இந்த ரகம்தான். கூரையிலும் பக்கவாட்டிலும் ஜனம் அப்பிக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் போகும், ஒருத்தரும் விழமாட்டார்கள், பின்னால் ஒரு ஃபெவிகால் பலகை. காலை எட்டரைக்குக் கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறுகிறவர்களுக்கு அது விளம்பரமாகவே தோன்றாது என்பது வேறு விஷயம்.

இப்போது வருகிற பலதில் நடிகர் வந்து குட்டிக்கரணம் அடிக்கிறார், நாமும் சிரிக்கிறோம், அப்புறம் அது டைல்ஸா பனியனா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கிறது. கோமாளித்தனத்துக்கும் சரக்குக்கும் ஒட்டு இல்லை.

டியூப் வாங்கும்போது லேசாக அமுக்கிப் பாருங்கள், உள்ளே கட்டியாக இருந்தால் வேறு கேளுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் மெல்ல விட்டுவிடும். சிந்தின பசையைப் பருத்தித் துணியால் துடைக்கவும் வேண்டாம், சூடேறும். மற்றபடி அஞ்சு ரூபாய்க்குத் தாராளம்.