மாணவன் பட்ஜெட்டில் வேகக் கார்: வீராவா, கஞ்சிலா, மைவியா?

கோலாலம்பூரில் படித்துக்கொண்டே ஒரு வேகமான காரைக் கட்டி எழுப்ப நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் மூன்று கார்களில்தான்: டர்போ என்ஜின் மாற்றிய புரோட்டோன் வீரா, குட்டி டர்போ போட்ட பெரோடுவா கஞ்சில், 1.5 லிட்டர் பெரோடுவா மைவி மேனுவல். நான் மூன்றுக்கும் அலைந்தேன். செந்தூல், செகாம்புட் பக்கத்துப் பட்டறைகளில் நின்று விசாரித்தேன். ஓட்டக் கிடைத்ததை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எடுத்தது இரண்டாம் தலைமுறை மைவி 1.5. அதனால் இதில் மைவி பக்கம் சாய்வு இருக்கும். எதனால் சாய்ந்தேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

என் நிலைமை இதுதான். பகுதி நேர வேலையில் சேர்த்த பணம், மீதிக்கு அண்ணன் கொடுத்த கடன். இவ்வளவு வயதான கார்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், ரொக்கமாகத்தான் வாங்க வேண்டும். வாரம் முழுக்க அதே கார்தான் வகுப்புக்கும் வேலைக்கும் போக வேண்டும். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ எங்கே என்று கேட்பீர்கள். 1998இல் வந்த கார், லோட்டஸ் சரிசெய்து கொடுத்த சஸ்பென்ஷன், 1.8 இரட்டை கேம் என்ஜின். மலேசியாவில் பிறந்த கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் இன்று அதைத் தேடி வாங்குகிறவர்கள் சேகரிப்பாளர்கள். நல்ல நிலையில் இருப்பது மாணவன் விலைக்கு வராது. மலிவாகக் கிடைத்தால் அடியில் துரு இருக்கும், அல்லது சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் இருக்கையும் மாட்டியிருப்பார்கள். அதை விட்டுவிடலாம்.

கஞ்சிலையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 700 கிலோவைத் தொடாத எடை. அதில் டைஹாட்சு மீராவின் 659 சிசி, நான்கு சிலிண்டர் டர்போவை வைத்தால் 64 குதிரைத்திறனுக்கே துள்ளிக்கொண்டு ஓடும். ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 20 வெள்ளிதான் (ரிங்கிட்). மூன்றிலும் செலவு குறைவானது இதுதான், ஊருக்குள் ஓட்ட ஜாலியும் இதுதான். ஆனால் ஏர்பேக் இல்லை, கதவுத் தகடு மெல்லிசு. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதில் போக எனக்கு மனம் வரவில்லை, அம்மாவும் ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார்.

உண்மையான போட்டி வீராவுக்கும் மைவிக்கும்தான்.

வீராவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1993இல் வந்தபோதே அது மிட்சுபிஷி லான்சரின் உடம்பு. அதே உடம்பை ஜப்பானில் 1.8 டர்போ ஜிஎஸ்ஆராகவும் விற்றார்கள். அந்த 4ஜி93 டர்போ என்ஜின் 195 குதிரைத்திறன் கொடுத்தது. 1.5 வீராவில் இருக்கும் என்ஜினோடு வைத்துப் பார்த்தால் இரண்டு மடங்கையும் தாண்டும். ஒரே குடும்பம் என்பதால் வெட்டி ஒட்டும் வேலை குறைவு. பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும். மைவியில் இருப்பது இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே தண்டால் இணைக்கும் சாதாரண டார்ஷன் பீம். மழை பெய்து காய்ந்த மலைப்பாதையில், வளைவின் நடுவில் ஒரு குழி வந்தாலும் வீராவின் பின்பக்கம் பதறாது. நண்பனின் காரை ஓட்டிப் பார்த்தேன்: மூன்றாவது கியரில் டர்போ எழுந்ததும் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மைவி ஒருநாளும் அப்படி இழுக்காது.

காரின் விலையும் குறைவு. ஓடுகிற நிலையில் இருக்கும் 1.5 வீராவை, நான் பார்த்த வரையில், மைவி விலையில் பாதிக்கும் கீழே வாங்கிவிடலாம். மிச்சப் பணம் முழுக்க என்ஜினுக்கு என்று கணக்குப் போடத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். என்ஜின் மட்டும் வந்தால் போதாது. ஜிஎஸ்ஆர் நான்கு சக்கர இழுவைக் கார், வீராவோ முன்சக்கர இழுவை. அதற்கேற்ற கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச், ரேடியேட்டர், இன்டர்கூலர் குழாய், பெட்ரோல் பம்ப், பெரிய பிரேக், எல்லாம் வரிசையாக வரும். பிரேக்கைத் தள்ளிப்போடும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். 195 குதிரைத்திறனை 1.5 காரின் பிரேக்கோடு ஓட்டுவது சரியில்லை.

பெட்ரோலும் இருக்கிறது. டர்போவை நம்பி ஓட்ட உயர் ஆக்டேன் பெட்ரோலான ரோன் 97 ஊற்ற வேண்டும், அதற்கு மானியம் கிடையாது. மைவிக்கு ரோன் 95 போதும்.

ஜப்பானில் வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாதி உடம்பையும் என்ஜினையும் விற்கும் ஹாஃப்கட் கடையில் என்னோடு வந்த போமேன் (மெக்கானிக்) அண்ணன் என்ஜினைப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து உட்பக்கத்தை விரலால் தடவினார், கரும்பசை ஒட்டியது. அப்புறம் டர்போவின் வாயில் விரலை விட்டுத் தண்டை மேலும் கீழும் ஆட்டினார். விசிறி போய் ஓட்டில் உரசியது. டைமிங் பெல்ட் மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. 90களின் முதல் பாதியில் செய்த என்ஜின் அது, முப்பது வயது தாண்டியாயிற்று. "இதை வாங்கினா மறுபடி ஒரு தடவை பிரிச்சு வேல செய்யணும் தம்பி," என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என் முடிவை மாற்றியது.

"பேப்பர் இருக்கான்னு கேட்டியா?"

"கேட்டேன்ணே. அப்புறம் தரேன்னாங்க."

"அப்புறம்னா இல்லன்னு அர்த்தம். என்ஜினத் தூக்கி வைக்கிறது ரெண்டு நாள் வேல. கிராண்ட்ல ஏத்துறதுதான் பெரிய வேல."

இந்தக் கிராண்ட் விஷயத்தைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கிராண்ட் என்பது காரின் பதிவுப் பத்திரம். அதில் சேசிஸ் எண், என்ஜின் எண், சிசி மூன்றும் இருக்கும். என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் விண்ணப்பித்து, புது என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான கடை ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தையும் காட்டி, சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய், புது எண்ணையும் சிசியையும் பதிவில் ஏற்ற வேண்டும். ஒழுங்காகச் செய்தால் செய்ய முடிகிற வேலைதான், செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் டர்போ வீராக்களில் நான் விசாரித்த பலவற்றில் கிராண்டில் இன்னும் 1.5 என்றே இருந்தது. "ரோட் டேக்ஸ் 90 வெள்ளிதான் கட்டுறேன்" என்று அதைச் சாமர்த்தியமாகவே சொல்கிறார்கள். 1,834 சிசி என்ஜினுக்கு 297 வெள்ளி வரும். மிச்சம் 207 வெள்ளி. அந்த 207 வெள்ளிக்காக அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் காப்பீடு. நிறுவனம் காப்பீடு கொடுத்தது 1.5 வீராவுக்கு. விபத்து நடந்து, மதிப்பீட்டாளர் பானட்டைத் திறந்து வேறு எண் உள்ள டர்போ என்ஜினைப் பார்த்தால், சொல்லாமல் மாற்றியதைக் காட்டி உங்கள் இழப்பீட்டை மறுக்க முடியும். எதிரே இருந்தவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திரும்பக் கேட்கவும் அவர்களுக்கு இடமிருக்கிறது. மாணவனுக்கு அது காரின் விலையோடு நிற்காது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டிய கடன் ஆகிவிடும்.

அடுத்தது விற்பது. பெயர் மாற்றுவதற்கு முன் நடக்கும் சோதனையில் என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் பெயர் மாறாது. அதனால் இந்தக் கார்கள் பழைய உரிமையாளர் பெயரிலேயே கை மாறுகின்றன, அல்லது சோதனைக்காகப் பழைய என்ஜினை மறுபடி மாட்டி, அப்புறம் கழற்றுகிறார்கள். முதல் வழியில் வாங்கியவர் பிடிபட்டால் சம்மன் விற்றவர் வீட்டுக்கு வரும். இரண்டாவது வழியில் கூலி இரண்டு தடவை. எப்படிப் பார்த்தாலும் வாங்க வருகிறவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். பதினைந்தாயிரம் வெள்ளி போட்டுக் கட்டிய காருக்கு அந்தக் கூட்டம் கொடுக்கும் விலையைக் கேட்டால் வயிறு எரியும். படிப்பு முடிந்ததும் காரை விற்று அண்ணன் கடனை அடைக்க வேண்டிய எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

மைவியில் இந்தக் கேள்வியே எழவில்லை. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 என்ஜின் தொழிற்சாலையிலேயே வைத்து வந்தது: 102 குதிரைத்திறன், 136 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கார் ஒரு டன்னுக்கும் கீழே. என்ஜினைத் தொடாமல், கிராண்டில் உள்ள எண்ணை மாற்றாமல், மற்றதை எல்லாம் செய்யலாம். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், ஆகவே பெல்ட் மாற்றும் செலவு இல்லை. உதிரி பாகம் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். நாட்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து அதிகம் விற்ற கார் என்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பொருள் வேண்டுமென்றாலும் யாரிடமாவது இருக்கும்.

நான் செய்த வரிசை இது. முதலில் முழு சர்வீஸ், எல்லாத் திரவமும் புதிது. அடுத்தது டயர், பணத்தில் பெரிய பங்கு அதற்கே போனது. அப்புறம் முன் பிரேக் பேட், பிரேக் எண்ணெய். கார் பந்தயம் நடக்கும் செப்பாங் ஓடுபாதை 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய எண்ணெயோடு போனால் சில சுற்றுகளிலேயே பெடல் பஞ்சு போல் இறங்கும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு; ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். ஓடுபாதைக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது, பெரிய செலவில்லை.

அதன் பிறகுதான் அப்சார்பரும் ஸ்பிரிங்கும், பின்னால் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஒரு ஸ்டெபிலைசர் பார். பின் பார் மாட்டியது பெரிய மாற்றம். முன்பு வளைவில் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும், இப்போது ஆக்சிலேட்டரை லேசாக விட்டால் பின்பக்கம் திரும்பி வந்து உதவுகிறது. ஈரச் சாலையில் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாயான எக்ஸ்ட்ராக்டரைக் கடைசியில் போட்டேன், சைலன்சர் கம்பெனி போட்டதுதான். சத்தம் கூடினால் சாலைத் தடுப்பில் நிறுத்துவார்கள், வேகம் கூடுவதில்லை. கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் பெட்டியில் வைத்திருக்கிறேன். விற்கும்போது சாதாரண மைவியாகத் திருப்பிவிட்டு, மாட்டியதைத் தனியாக விற்கலாம்.

மைவியின் குறைகளும் இருக்கின்றன. பின்னால் டிரம் பிரேக். ஸ்டியரிங்கில் சாலையின் உணர்வு குறைவு, மின்சார ஸ்டியரிங் அப்படித்தான். செப்பாங்கின் நீண்ட நேர்ப்பாதையில் டர்போ வீரா என்னைத் தாண்டி நிதானமாகப் போய்விடும். நான் பிடிப்பது வளைவுகளில்தான், அதுவும் எதிரே இருப்பவர் டயருக்குச் செலவு செய்யாதவராக இருந்தால். மைவிக்கும் டர்போ வழி உண்டு. டைஹாட்சு ஒய்ஆர்வியின் 1.3 டர்போ என்ஜின், 140 குதிரைத்திறன். அதிலும் மறுபடி கிராண்ட் கதைதான், ஆகவே நான் அந்தப் பக்கம் போகவில்லை. அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். டர்போ வீராவையும் நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அதன் அன்றாடப் பராமரிப்பைப் பற்றி இங்கே எழுதியது நண்பனையும் பட்டறை அண்ணனையும் கேட்டதை வைத்துத்தான்.

இதற்குப் பிறகும் வீராதான் என்று முடிவெடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: என்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இறக்குமதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி, அதில் உள்ள எண்ணை என்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏற்கெனவே மாற்றிய காரை வாங்குவதாக இருந்தால் கிராண்டில் 1,834 என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் கூட யோசித்திருப்பேன்.

மைவி தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். 1.5இல் பெரும்பாலானவை ஆட்டோ, மேனுவல் விற்பனைக்கு வருவது குறைவு. வந்தால் என்ஜின் சூடேறும் முன்பே இரண்டாவது கியரைப் போட்டுப் பாருங்கள், உரசினால் கியர்பாக்ஸ் வேலை காத்திருக்கிறது. பானட்டைத் திறந்து முன் தகடுகளின் வெல்டிங் புள்ளிகளை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் புள்ளிகள் சீராக இல்லை என்றால் முன்னால் அடிபட்ட கார் அது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.