0.2, 0.3, 0.5: மூன்று நாசிலோடு சில வருடங்கள்

ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கைக்கருவி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'எவ்வளவு மெல்லிய கோடு போடும்?' என்பதுதான். நாசில் என்பது அதன் முனையில் பெயிண்ட் வெளியே வரும் சின்னத் துளைக்குழாய். 0.2, 0.3, 0.5 மி.மீ. மூன்று நாசிலையும் ஸ்கேல் மாடல்களுக்கு (நிஜ வாகனங்களின் சிறிய அளவு உருவங்களுக்கு) சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். கோட்டை வைத்து நாசில் வாங்காதீர்கள், எந்தப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் (டிரிக்கரை அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் பெயிண்டும் வரும் வகை) டிரிக்கரைப் பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி, அதைச் சுற்றி ஓர் இடைவெளி விழும். பெயிண்ட் வருவது அந்த இடைவெளி வழியாகத்தான். கொஞ்சமாக இழுத்தால் 0.3 நாசிலிலும் அது மயிரிழை அளவுதான் இருக்கும். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, அழுத்தத்தை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்கி, முனையை மாடலுக்கு அருகே கொண்டுபோனால் போதும். 1/48 விமானத்துக்கு (நிஜத்தில் 48ல் ஒரு பங்கு அளவு) வேண்டிய கோடு 0.3லேயே வந்துவிடுகிறது. மிச்சம் விரலின் நிதானத்தில் இருக்கிறது.

டிரிக்கரை முழுதாக இழுக்கும்போதுதான் நாசிலின் அளவு தெரியும். 0.2க்கும் 0.3க்கும் வித்தியாசம் பெயரில் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் துளையின் பரப்பு 2.25 மடங்கு ஆகிறது. 0.5 என்றால் ஆறு மடங்குக்கு மேல். 1/35 ராணுவ டாங்க் ஒன்றுக்கு 0.2ல் அடிப்படை நிறம் அடித்துப் பாருங்கள், பொறுமை எங்கே போகிறது என்று தெரியும். ஒரு பக்கம் ஈரமாக இருக்கும்போதே இன்னொரு பக்கம் காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

0.2க்கு லாக்கர், அதாவது வேகமாக ஆவியாகும் கரைப்பானில் கரைந்த பெயிண்ட், நன்றாக ஒத்துப்போகிறது. மிஸ்டர் கலர் என்ற லாக்கர் பெயிண்டை அதே நிறுவனத்தின் லெவலிங் தின்னரில் (கரைக்கும் திரவம்) தாராளமாகக் கரைத்து ஊற்றினால் தடையில்லாமல் ஓடும். 1/72 மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் பக்கவாட்டில் வரும் அந்தப் புள்ளிப் புள்ளியான திட்டுகளுக்கு இதைவிடச் சுகமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. வால்யேஹோ போன்ற தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கை அதில் ஊற்றினால் கதையே வேறு. ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்து ஒரு சின்ன மொட்டு போலத் திரளும். கோடு மெலிந்து நின்றுவிடும், இன்னும் கொஞ்சம் இழுத்தால் திடீரென்று ஒரு துளி தெறிக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாம், ஓட்டத்தைச் சீராக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் சேர்க்கலாம். அப்போதும் பக்கத்தில் தின்னர் நனைத்த காட்டன் பட் ஒன்று வேண்டும், அடிக்கொரு தரம் நுனியைத் துடைக்க. 0.3லும் இது நடக்கும், ஆனால் நடுநடுவே வேலையை நிறுத்த வேண்டிய தொல்லை குறைவு. டாமியா அக்ரிலிக் இந்த விஷயத்தில் சாது. அதன் சொந்தத் தின்னரான எக்ஸ்-20ஏ போட்டாலும் சரி, லாக்கர் தின்னர் போட்டாலும் சரி, 0.2ல்கூட ஒழுங்காக நடக்கும்.

பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு), துகள் பெரிதாக உள்ள மெட்டாலிக் (உலோக நிறப் பெயிண்ட்), இந்த மூன்றும் என்னிடம் 0.5க்குத்தான் போகும். பாலியூரித்தேன் பிரைமர் உள்ளே ரப்பர் போலத் தோலாகப் படிகிறது. 0.2 நாசிலுக்குள் அப்படிப் படிந்தால் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நாசிலே போய்விடும். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கச் சேர்த்திருக்கும் பொடி அடியில் தங்கும், நன்றாகக் கலக்காவிட்டால் மெல்லிய நாசில் அடைத்துக்கொள்ளும். அல்கிளாட் மாதிரி மிக நைசான மெட்டாலிக் மட்டும் விதிவிலக்கு, அதற்கு 0.3 போதும்.

0.5க்கு வருகிறவர்கள் காற்று தரும் கம்ப்ரெசரையும் யோசிக்க வேண்டும். பெரிய நாசிலில் பெயிண்டைத் தூளாக்க அதிகக் காற்று தேவை. காற்றைச் சேமிக்கும் தொட்டி இல்லாத சின்ன கம்ப்ரெசரில் மீட்டர் 25 பி.எஸ்.ஐ. காட்டும், டிரிக்கரை அழுத்தியதும் முள் சரிந்துவிடும். பெயிண்ட் தூவலாக விழாமல் புள்ளி புள்ளியாக விழுவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். எந்த நாசிலாக இருந்தாலும் காற்றைத் திறந்துவிட்ட நிலையில்தான் ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருப்பி அழுத்தம் வைக்க வேண்டும்.

அப்புறம், ஒரு நிறுவனத்தின் 0.3ம் இன்னொன்றின் 0.3ம் ஒரே மாதிரி அடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊசியின் கூர் எவ்வளவு நீளம், நாசிலைச் சுற்றிக் காற்று வரும் முன்மூடியின் துளை எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் தூவலைத் தீர்மானிக்கின்றன. ஒன்றின் ஊசி மற்றதில் பொருந்தாது. அளவை மாற்றும்போது நாசிலும் ஊசியும் ஜோடியாக மாற வேண்டும், சில மாடல்களில் முன்மூடியும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் நிறுவனத்தின் எவல்யூஷன் ஏர்பிரஷில் ஒரே பெட்டியில் 0.2ம் 0.4ம் தரும் வகை உண்டு, நாசிலும் ஸ்பேனர் இல்லாமல் சொருகுவது. இவாட்டா எக்லிப்ஸும் சொருகும் நாசில்தான், அளவு 0.35. அரிசியைவிடச் சின்னதான மரையிட்ட நாசிலை ஸ்பேனரால் திருகும் வகைகளில் அடிக்கடி அளவு மாற்றுவது வேண்டாத வேலை. கொஞ்சம் அதிகம் முறுக்கினால் மரை உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அதற்கு இரண்டு ஏர்பிரஷ் வைத்துக்கொள்வது மேல்.

பராமரிப்பிலும் சின்ன நாசில்தான் அதிகம் படுத்துகிறது. ஊசி நுனி கொக்கி போல லேசாக வளைந்தாலே 0.2ல் கோடு ஒரு பக்கமாகச் சாயும், 0.5ல் அது பெரிதாகத் தெரியாது. நகத்தின் மேல் நுனியை மெதுவாக இழுத்துப் பார்த்தால் கொக்கி கீறுவது தெரியும். பெயிண்ட் ஊற்றும் கப்பில் குமிழி வந்தால் காற்று நாசில் வழியாகப் பின்னால் ஏறுகிறது என்று அர்த்தம். நாசில் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் விரிந்துவிட்டது. மரையுள்ள நாசிலுக்கு மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் குமிழி நிற்காவிட்டால் புது நாசில்தான்.

0.3 வைத்திருப்பவர்கள் அடுத்ததாக எதை வாங்குவது என்று கேட்டால், பலரும் 0.2 பக்கம் கை காட்டுவார்கள். நான் 0.5 என்பேன். 1/72 விமானமும் லாக்கரும் மட்டும்தான் உங்கள் உலகம் என்றால் 0.2.