குளோசப்பா, அகன்ற ஷாட்டா: பயம் எதில் அதிகம்?

திகில் படத்தின் குளோசப்பில் பயம் முகத்திலிருந்து வருகிறது. 85 மி.மீ. லென்ஸில் பின்னணி மங்கிவிடும்; தோளுக்குப் பின்னால் அசைவது ஆளா, திரைச்சீலையா என்று தெரியாது. விளக்கைக் கீழிருந்து அடித்தால் நிழல்கள் மேல்நோக்கி விழும், பழகிய முகமே அந்நியமாகிவிடும். சட்டென்று திடுக்கிட வைக்க இது போதும்.

அகன்ற ஷாட் வேறு மாதிரி. நீண்ட நடைபாதை, ஓரத்தில் சின்னதாக ஒரு பெண், மீதி எல்லாம் காலி இடம். பாதி திறந்த கதவு ஒன்று இருந்தால் சரி, நம் கண் அவளை விட்டுவிட்டு அந்தக் கருப்பு இடுக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். எதுவும் நடக்கக்கூட வேண்டாம். 1922-ல் வந்த ரத்தக்காட்டேரிப் படமான ‘நொஸ்ஃபெராட்டு’வில் படிக்கட்டுச் சுவரில் ஏறுவது வெறும் நிழல்தான்.

எனக்கு அகன்ற ஷாட்தான். படம் முடிந்த பிறகும் பாதி திறந்த கதவைப் பார்த்தால் சாத்திவிடத் தோன்றும்.