மாலை நான்கு மணி வரை நிற்கும் ஒப்பனை: குமரி மாவட்டத்துப் புழுக்கத்தில் நான் நம்பும் பொருட்கள்

குமரி மாவட்டத்தில் ஓர் அன்றாட ஒப்பனைப் பொருள் நல்லதா என்பதை மாலை நான்கு மணிக்குத்தான் சொல்ல முடியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கின்ற இந்தப் பகுதியில் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. ஒரு வியர்வை உலர்வதற்கு முன்பே அடுத்த வியர்வை வந்துவிடுகிறது. தக்கலையிலிருந்து வடசேரி வரை அரசுப் பேருந்தில் ஜன்னலோரக் காற்றிலோ நெரிசலிலோ வந்து, மின்விசிறி மட்டும் சுழலும் அலுவலகத்தில் நாள் முழுவதும் அமர்ந்த பிறகும் முகத்திலும் கண்ணிலும் விரலிலும் வைத்த இடத்தில் இருக்கின்ற பொருட்களையே நான் தொடர்ந்து வாங்குகிறேன். அவற்றைப் பற்றியும், அவற்றைப் பூசுவதற்கு நான் பழகிக்கொண்ட முறையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். மணப்பெண் ஒப்பனை தனிக் கலை என்பதால் அதைத் தொடவில்லை.

முகத்துக்கு நான் திரவ ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. அதன் மேல் வியர்வை துளிர்க்கும்போது கைக்குட்டையால் ஒற்றினால்கூட அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். சன்ஸ்கிரீன் தடவி, அது தோலில் படிவதற்குச் சற்று நேரம் கொடுத்து, அதன் மேல் காம்பாக்ட் பவுடரை மெலிதாக ஒற்றுவதே நம் தட்பவெப்பத்துக்குப் போதுமானது. மேபிலின் நிறுவனத்தின் ஃபிட் மீ வரிசையை நான் விரும்புவதற்கு முதற்காரணம் அதன் நிற வரிசை. 230, 310, 330 என்று எண்ணிட்டு மாநிறத்துக்கும் அதைவிடக் கருத்த நிறத்துக்கும் உரிய சாயல்களைத் தனித்தனியாகத் தருவதால், நம் தோலுக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்க முடிகிறது. பல ஃபேன்சி ஸ்டோர்களில் வெளிறிய சாயல்களை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு, "ஒரு ஷேடு கம்மியா எடுத்தா முகம் பளிச்சுனு இருக்கும்" என்று சொல்வார்கள். அந்த ஆலோசனையை யாரும் ஏற்க வேண்டாம். தன் நிறத்தைவிட வெளிறிய பவுடர் நண்பகலில் வியர்வையுடன் சேர்ந்து சாம்பல் பூத்த தோற்றத்தைத் தரும். அவரவர் நிறத்துக்கு உரிய பவுடர் கலைந்தாலும் கலைந்தது வெளியே தெரிவதில்லை. நிறத்தை மணிக்கட்டில் பார்க்காமல் தாடையோரத்தில் பூசி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். குளித்ததும் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னுவது நம் பக்கத்துப் பெண்களிடம் இன்றும் இருக்கின்ற வழக்கம். அந்த எண்ணெய் வெயில் ஏற ஏற நெற்றியோரத்தில் இறங்கி, அங்கே பூசிய பவுடரை மாவுபோல் திரட்டிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் காம்பாக்டும் இதற்கு விலக்கு இல்லை. எண்ணெயை முந்தைய இரவே வைத்துவிடுவதும், காலையில் நெற்றியோரத்தை மெல்லிய தாளால் ஒற்றி எடுத்த பிறகு பவுடரைத் தொடுவதும் நல்ல பலன் தருகின்றன.

கண்மைதான் என் ஒப்பனையில் ஒருநாளும் தவறாத பொருள். மெழுகும் எண்ணெயும் கரியும் சேர்ந்த பழைய முறைக் கண்மை உடல் சூட்டில் இளகும் இயல்புடையது. கண்ணுக்குக் குளிர்ச்சியான உணர்வைத் தந்தாலும் மதியத்துக்குள் கீழிமைக்கு வெளியே பரவிவிடும். சென்னையில் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரவிந்த் லெபாரட்டரீஸின் ஐடெக்ஸ் நம் அம்மாக்களின், பாட்டிமார்களின் காலத்திலிருந்து நம் வீடுகளில் இருக்கிறது. மாலையில் வீட்டில் இருக்கும்போது தீட்டிக்கொள்ள இன்றும் எனக்கு அதுவே பிடித்தது. அலுவலக நாட்களில் லாக்மே ஐகானிக் காஜலையும் மேபிலின் கொலோசல் காஜலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். இரண்டும் 0.35 கிராம் எடையுள்ள, திருகினால் மேலெழும் குச்சிகள். தீட்டிய சில நொடிகளில் மெல்லிய படலமாக இறுகிவிடுவதால் இவை எளிதில் கலைவதில்லை. ஐகானிக் உறையில் 22 மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. அத்தனை நேரம் யாருக்குத் தேவை? நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை எட்டு மணி முதல் மாலை வரை நின்றாலே நான் அதை நல்ல கண்மை என்பேன், இவை இரண்டும் நிற்கின்றன. கொலோசலின் கருமை சற்று ஆழமானது. ஐகானிக் மென்மையாக ஓடுகிறது.

இவை நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்ணுக்குக் கீழே சன்ஸ்கிரீனின் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தக் காஜலும் கீழே வழியும். ஆகவே கீழிமையின் வெளிப்புறத்தில் சிறிது பவுடரை ஒற்றிவிட்டுப் பிறகு தீட்ட வேண்டும். இரவில் சோப்பால் தேய்த்துக் கழுவுவதைவிட, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மூடிய இமையின் மேல் சிறிது நேரம் வைத்திருந்து துடைத்தால், கண் எரியாமல் முழுவதும் வந்துவிடும். மெட்ராஸ் ஐ பரவுகின்ற நாட்களில் ஒருவர் காஜலை இன்னொருவர் தொடவே கூடாது. நோய் வந்தவர் பயன்படுத்திய குச்சியை, பாதி மீதமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். கல்லூரி விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலிமைக்கு லாக்மே இன்ஸ்டா ஐலைனர். சிறிய கண்ணாடிக் குப்பியும் மெல்லிய தூரிகையும் கொண்ட இந்தப் பொருள் பல ஆண்டுகளாக மாறாமல் வருகிறது. விலையும் மிதமானது, ஒரு குப்பி நெடுநாள் வரும். உதட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எப்படியும் மறுபடி பூச வேண்டியிருப்பதால், எல் 18 கலர் பாப்ஸ் போன்ற விலை குறைந்த லிப்ஸ்டிக்கே அன்றாடத்துக்குப் போதும். செங்கல் நிறமும் வாடிய ரோஜா நிறமும் நம் மாநிறத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன.

நெயில் பாலிஷைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நம் சமையலும் நம் வேலையும் அதைச் சோதிப்பதுபோல் வேறு எந்த ஒப்பனைப் பொருளையும் சோதிப்பதில்லை. தேங்காய் துருவுகிறோம், மீன் அறுத்துக் கழுவுகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், மஞ்சளும் தேங்காயும் அரைத்து வைத்த நெத்திலிப் புளிமுளத்தை, அதாவது நம் ஊர் மீன் குழம்பை, சோற்றோடு கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். இளஞ்சிவப்போ பால்வெள்ளையோ பூசிய வலதுகை நகங்கள் ஒரே மதியச் சாப்பாட்டில் மஞ்சளேறிவிடும். இடதுகை மட்டும் புதிதாக இருக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே சாப்பிட்டவுடன் நகங்களில் சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, அதன் பின் சோப்பிட்டுக் கழுவினால் கறையில் பெரும்பகுதி போய்விடும். குர்குமின் வெயிலில் நிறமிழக்கும் தன்மையுடையது என்பதால், மிச்சமிருக்கும் மஞ்சள் சாயல் துணி உலர்த்துவது போன்ற வெளிவேலைகளுக்கிடையே தானாகவே மங்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு மெரூன், அடர் காப்பி, நாவற்பழ நிறம் ஆகியவை உகந்தவை. நான் வேலை நாட்களில் மெரூனும், விடுமுறையை ஒட்டி மட்டும் வெளிர் நிறங்களும் பூசுகிறேன்.

அன்றாடத்துக்கு எல் 18 நெயில் பாப்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. 5 மி.லி. அளவுள்ள சிறு குப்பி என்பதால், திறந்தபின் கெட்டியாகிப் பாழாவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. பெரிய குப்பி வாங்கிப் பாதியை எறிவதைவிட இதுவே சிக்கனம். சற்று அதிகம் செலவழிக்க முடிந்தால் லாக்மே கலர் க்ரஷ் வரிசை நல்லது. அதன் பளபளப்பு நீண்ட நாள் இருக்கிறது. ஐடெக்ஸ் நிறுவனத்தாரின் டாஸ்லர் நகப்பூச்சுகளும் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. அவற்றின் சிவப்பு வகைகள் திருவிழா நாளுக்கு ஏற்ற நிறங்கள்.

எந்தக் குப்பியை வாங்கினாலும் பூசும் முறை சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. நகப்பூச்சின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் எஞ்சுகின்ற படலமே நகத்தில் நாம் காணும் நிறம். தடிமனாகப் பூசினால் மேற்புறம் முதலில் இறுகி உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் காய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தவர்களின் நகத்தில் காலையில் போர்வையின் நெசவு பதிந்திருக்கிறது. மழைக்காலத்தில் நம் வீடுகளில் இது இன்னும் அதிகம். மெலிதாக இரண்டு பூச்சு, இரண்டுக்கும் நடுவில் சில நிமிட இடைவெளி, நகத்தின் நுனி விளிம்பையும் தூரிகையால் ஒரு முறை தொட்டு மூடுதல், இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் தேங்காய் துருவியின் பக்கத்தில் கூட நுனி எளிதில் பெயராது. குப்பியை வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் உண்டாகும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது நல்லது. நைட்ரோசெல்லுலோஸும் அந்தக் கரைப்பான்களும் எளிதில் தீப்பற்றக் கூடியவை. அடுப்படியில் உட்கார்ந்து நகம் பூசும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிட வேண்டும்.

அடர் நிறம் பூசுபவர்கள் அடியில் நிறமற்ற பேஸ் கோட் ஒன்றைப் பூசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாயம் நகத்திலேயே ஊறி, அழித்த பின் நகம் மஞ்சளாகத் தெரியும். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கறை முழுவதும் வளர்ந்து வெளியேற ஆறு மாதம் வரை ஆகலாம். பேஸ் கோட் வாங்கும் செலவைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாவது நிறக் குப்பியைத் தவிர்த்துவிட்டு அந்தப் பணத்தில் இதை வாங்குங்கள் என்பதே. அழிப்பதற்கு லாக்மே நெயில் கலர் ரிமூவர் போதுமானது. பஞ்சை நனைத்து நகத்தின் மேல் சில விநாடி அழுத்தி வைத்து ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் நிறம் விரல் முழுவதும் பரவும். அழித்தபின் கையைக் கழுவி நகக்கண்ணில் எண்ணெய் தடவினால் வறட்சி இராது. குப்பியில் பாலிஷ் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றி இளக்கக் கூடாது. அதன் பிறகு அந்தப் பாலிஷ் நகத்தில் சரியாகப் பிடிப்பதில்லை.

நகப்பூச்சு எல்லோருக்கும் எல்லா நாளும் ஏற்றதன்று. செவிலியர் பணிக்குப் படிக்கின்ற, அந்தப் பணியிலிருக்கின்ற பெண்கள் நம் மாவட்டத்தில் வீதிக்கு வீதி உண்டு; பணி நேரத்தில் அவர்கள் வெறும் நகத்துடன்தான் இருக்க வேண்டும், பெயர்ந்த பூச்சின் விளிம்பில் கிருமி தங்கும் என்பதே காரணம். அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களின் நகப்பூச்சையும் மருத்துவமனையில் அழிக்கச் சொல்வார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவீட்டுக் கருவியின் கணக்கை அடர் நிறப் பூச்சு பாதிக்கக்கூடும். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது, அதாவது கை கால் முகம் கழுவித் தூய்மை செய்யும்போது, நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் தேங்காய்ப்பட்டணத்திலும் திட்டுவிளையிலும் பல பெண்கள் மருதாணியையே விரும்புகிறார்கள். அரைத்த இலையின் சிவப்பு நகத்தோடு சேர்ந்து வளர்ந்து போகிறது, அதற்கு ரிமூவரும் வேண்டாம். ஆனால் உடனே கறுக்கும் என்று சொல்லி விற்கப்படும் கூம்புகளில் தோலைப் புண்ணாக்கும் சாயம் கலந்திருக்கலாம். இலையை அரைத்து வைப்பதே பாதுகாப்பு.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் செட்டிகுளத்திலும் மார்த்தாண்டம் சந்தைப் பகுதியிலும் உள்ள கடைகளில் மேற்சொன்னவை எல்லாம் கிடைக்கின்றன. மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா போன்ற நாட்களில் முளைக்கின்ற தற்காலிகக் கடைகளில் வளையலும் பொட்டும் மகிழ்ச்சியாக வாங்கலாம். உறையில்லாத கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் வாங்கக் கூடாது. அத்தகைய ஒரு கடையில் நான் வாங்கிய காஜல் இமையோரம் முழுவதையும் சிவந்து வீங்கச் செய்தது. உறையில் தயாரித்தவர் பெயரே இல்லாததால் யாரிடமும் கேட்கவும் வழியில்லை. ஒப்பனைப் பொருளில் சேர்க்கப்படும் நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்செனிக் 2 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. பெயர் இல்லாத குப்பியில் அந்த வரம்பு காக்கப்பட்டதா என்று கண்டறிய நம்மால் இயலாது. ஆகவே தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். திறந்த மூடியுள்ள சிறு டப்பாவின் படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குள் அதைத் தீர்க்க வேண்டும் என்று பொருள். திறந்த தேதியை ஒரு சிறு தாளில் எழுதிக் குப்பியின் அடியில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.