மைக்ரோ ஆர்என்ஏ பிரிக்கிற கிட்டு: சரக்கு நல்லாத்தான் இருக்கு, மேனுவல்தான் மோசம்

ஆறு மாசமா எங்க லேப்ல ரத்தத்தோட திரவப் பகுதியான பிளாஸ்மாவுல இருந்து மைக்ரோ ஆர்என்ஏ (ஜீன்களை அடக்கி வைக்கற குட்டி ஆர்என்ஏ) எடுக்க இந்த கிட்டைத்தான் ஓட்டிட்டிருக்கோம், கம்பெனி பேர் வேணாம். ஆர்என்ஏவைப் பிடிச்சு வைக்கற சாதாரண வடிகட்டிக் குழாய்ல (column) 200 நியூக்ளியோடைடுக்கு, அதாவது 200 கண்ணி நீளத்துக்கு கீழ இருக்கறது பெரும்பாலும் கழுவிட்டு போயிடும், நமக்கு வேண்டியதோ 22 நீளம்தான், அதனால எத்தனால் கூடுதலா ஊத்திப் பிடிக்கணும், அந்த அளவை மேனுவல்ல ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டு வச்சிருக்காங்க, கவனிக்காம முதல் எட்டு சாம்பிள் காலி.

இத்தனூண்டு சமாச்சாரத்துக்கு ஏன்டா இந்த மெனக்கெடல்னு கேட்டா, சிஎல்எல்னு ஒரு ரத்தப் புற்றுநோய் இருக்கில்ல, அதுல 13வது குரோமோசோம்ல மிர்-15, மிர்-16ங்கற ரெண்டு மைக்ரோ ஆர்என்ஏ உட்கார்ந்திருக்கற துண்டே நிறைய பேருக்கு காணாம போயிருக்குன்னு 2002லயே கார்லோ க்ரோச்சேவோட ஆராய்ச்சிக் குழு காட்டிட்டாங்க. அதுங்க ரெண்டும் இல்லன்னா பிசிஎல்-2 புரதம் ஏறிடும், சாக வேண்டிய செல் சாகாது. மிர்-21 அப்படியே தலைகீழ், பல கட்டிகள்ல எகிறிப் போய் பிடென் (PTEN) மாதிரி செல் வளர்ச்சிக்கு பிரேக் போடற ஜீனை அமுக்கிடும்.

எத்தனாலை சரி பண்ணதுக்கப்புறம் மிர்-21 சூப்பரா வந்துச்சு, எவ்வளவு தேறுதுன்னு கணக்கு பார்க்க நாங்களே சேர்த்த, புழுவோட மைக்ரோ ஆர்என்ஏவான மிர்-39ம் ட்யூப்புக்கு ட்யூப் ஒரே மாதிரி. பிளாஸ்மா லேசா ரோஸ் கலர் அடிச்சா மட்டும் தூக்கிப் போட்டுடுங்க, சிவப்பணு உடைஞ்சா மிர்-16, மிர்-451 ரெண்டும் பொய்யா ஏறிக் காட்டும், அது கிட்டு குத்தம் இல்ல.

அஞ்சுக்கு மூணரை. மேனுவல் பத்தி மெயில் போட்டு பதினோரு நாள் ஆச்சு, பதிலே காணோம்.