ஃபெட்ச்மெயில்: நானே கம்பைல் செய்து ஓட்டிய கதை

ஃபெட்ச்மெயில் என்பது சர்வரிலிருந்து மின்னஞ்சலை நம் கணினிக்கு இறக்கித் தரும் மென்பொருள். 1996-இல் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் பாப்கிளையன்ட் என்ற பழைய அஞ்சல் நிரலை எடுத்து வளர்த்தது, இன்றைக்கும் சளைக்காமல் ஓடுகிறது. கம்பைல் செய்வது, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது, பெரிய வேலையில்லை: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகள், அவ்வளவுதான். ஆனால் இணைப்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் மட்டும் இருந்தால் போதாது, கம்பைல் செய்யத் தேவைப்படும் அதன் ஹெடர் கோப்புகளும் முன்பே இருக்க வேண்டும், அதை மறந்துவிட்டு அரை மணி நேரம் திரையை வெறித்துக்கொண்டிருந்தேன்.

அமைப்புக் கோப்பு கிட்டத்தட்ட பேச்சு வாக்கியம் மாதிரி இருக்கும், அது பிடித்தது. கடவுச்சொல் அதற்குள் இருப்பதால் மற்றவர்கள் படிக்க அனுமதி இருந்தால் ஓடவே மறுக்கும்; உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடிகிற 600 அனுமதியைப் போட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். 'கீப்' என்று எழுதாவிட்டால் அஞ்சலை இறக்கிய கையோடு சர்வரிலிருந்து அழித்துவிடும். கையேட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது, படிக்காதது என் தப்பு, நல்லவேளை அது சோதனைக் கணக்கு. அப்புறம், இறக்கிய அஞ்சலை வழக்கமாக அதே கணினியின் 25-ஆம் போர்ட்டுக்குத்தான் தள்ளும். அங்கே அஞ்சல் சர்வர் எதுவும் ஓடவில்லை என்றால் அமைப்புக் கோப்பின் எம்டிஏ (mda) வரியில், அஞ்சலை நேராகப் பெட்டியில் சேர்க்கும் மெயில்ட்ராப் மாதிரி நிரல் ஒன்றைக் காட்டுங்கள். பின்னணியில் 300 நொடிக்கு ஒருமுறை ஓடச் சொல்லும் 'செட் டீமன் 300' வரியைச் சேர்த்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே போய்ப் பார்த்து வருகிறது, நான் மறந்தே போனேன்.