டிஸ்க் சுத்தம்: சோப்புத் தண்ணீரா, ஆல்கஹாலா, பாலிஷா?

பாட்டு விட்டுவிட்டு ஓடினாலோ படம் பாதியில் உறைந்து நின்றாலோ, கைக்குக் கிடைத்த துணியால் டிஸ்க்கை வட்டமாகத் தேய்ப்பதுதான் பலரும் முதலில் செய்வது. அதில் இரண்டு தவறுகள். முதலாவது, துணி உலர்ந்திருக்கிறது. தூசியோடு மணல் துகள்களும் கலந்திருக்கும். மணல், டிஸ்க் செய்யப்பட்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைவிடக் கடினமானது. உலர்துணிக்கு அடியில் ஒரு துகள் மாட்டினாலும் துடைக்கும் கையே கீறல் போட்டுவிடும். இரண்டாவது, தேய்க்கும் திசை. டிஸ்க்கில் தரவு சுருள் பாதையாக ஓடுகிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டும். வட்டமாக விழும் கீறல் ஒரே பாதையின் மேல் நீளமாகப் படுத்துக்கொள்ளும். சிடியின் பிழைதிருத்த முறை பாதை நீளத்தில் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரை தொடர்ந்து விடுபட்ட தரவை முழுதாக மீட்டெடுக்கும். அதைத் தாண்டினால் ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது பாட்டு தாவும். எனவே எந்த முறையைத் தேர்ந்தாலும் துடைப்பது நடுவிலிருந்து வெளிநோக்கி, நேர்கோட்டில் மட்டும்.

எந்த டிஸ்க், எந்தப் பக்கம்

சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் 120 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தரவு இருக்கும் ஆழம் வேறு. சிடியில் லேசர் 1.2 மி.மீ. பாலிகார்பனேட்டைக் கடந்துதான் தரவை அடைகிறது. டிவிடி 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது; தரவு நடுவில் இருக்கிறது. புளூ-ரேயில் தரவுக்கு மேல் இருப்பது 0.1 மி.மீ. உறை மட்டுமே, அதன் மேல் கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு.

லேசர் உள்ளே ஒரு புள்ளியாகக் குவிந்தாலும் மேற்பரப்பைத் தொடும்போது அகன்றுதான் இருக்கும்: சிடியில் சுமார் 0.7 மி.மீ., டிவிடியில் 0.5, புளூ-ரேயில் 0.13 அளவுக்கு. சிடி பொருட்படுத்தாத தூசியும் கைரேகையும் புளூ-ரேயைத் தடுமாற வைப்பது இதனால்தான்.

இனி, பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒன்று. சிடியில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது பளபளக்கும் அடிப்பக்கத்தைவிட, பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை. லேசரைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் படலத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே அங்கே இருப்பது சில மைக்ரோமீட்டர் அரக்குப் பூச்சும் அச்சு மையும்தான். அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் தரவே பெயர்ந்து போகும். டிஸ்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் படலம் இல்லை. எந்தத் திரவமும் எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது. அடிப்பக்கக் கீறலுக்கு மட்டுமே கீழே வரும் பரிகாரங்கள் பொருந்தும்.

உலர்துடைப்பும் ஊதுகுழலும்

தளர்ந்த தூசி மட்டும் இருந்தால் கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதுகுழலே போதும். தொடாமல் போகும் தூசிக்குத் தொடும் வைத்தியம் வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்; அதைத் துடைக்க இன்னொரு வேலை. துவைத்து உலர்த்திய மைக்ரோஃபைபர் துணி லேசான கைரேகைக்குச் சரி. துணி துவைக்கும்போது மென்மையூட்டித் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழையில் படிந்து டிஸ்க்குக்கு மாறும். டிஷ்யூ பேப்பரும் கைக்குட்டையும் சட்டை நுனியும் பட்டியலிலேயே இல்லை. மரக்கூழில் செய்த காகித இழை பாலிகார்பனேட்டுக்குச் சொரசொரப்பு.

சோப்புத் தண்ணீர்

முதல் தேர்வாக நாம் வைப்பது இதைத்தான். ஆல்கஹாலைவிடச் சுத்தம் செய்யும் என்பதற்காக அல்ல. மணலைத் தேய்க்காமல் மிதக்கவைத்து வெளியேற்றுவது இது ஒன்றுதான் என்பதற்காக. சர்க்கரை, பானக் கறை, குழந்தைகள் கைப்பிசுக்கு எல்லாம் நீரில் கரையும். ஆல்கஹால் அவற்றை அவ்வளவாகத் தொடாது.

செய்முறை: குழாயை மிதமாகத் திறந்து, டிஸ்க்கை விளிம்பிலும் நடுத்துளையிலும் பிடித்து, அடிப்பக்கம் மேலே இருக்க அரை நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் விரல் படக் கூடாது. பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, கழுவிய விரல் நுனியாலோ மென்துணியாலோ நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்துத் துடையுங்கள். கைக்கு ஈரப்பதம் தரும் கிரீம் கலந்த திரவம் வேண்டாம். மெல்லிய படலம் விட்டுவிடும். நுரை போகும்வரை அலசி, கடைசி அலசல் மட்டும் காய்ச்சி வடித்த நீரில். உப்புநீர் காய்ந்தால் வெண்புள்ளி விழும், அதுவும் லேசரைச் சிதறடிக்கும். நீரை உதறிவிட்டு, பஞ்சு இழை உதிராத துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்திவையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தகட்டை வளைத்துவிடும்.

இதன் குறை, ஊறவைக்க முடியாது. அரக்குப் பூச்சின் விளிம்பில் சிறு பிளவு இருந்தாலும் நீர் உள்ளே நுழைந்து அலுமினியத்தை ஆக்சைடாக்கும். காகித லேபிள் ஒட்டிய டிஸ்க்கையும் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட டிஸ்க்கையும் குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது. அவற்றுக்கு ஈரத்துணி மட்டும், அதுவும் அடிப்பக்கத்துக்கு மட்டும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்

எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்டிக்கர் பசை, சிகரெட் புகைப்படலம் இவற்றுக்கு நீரைவிட இது வேகம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட சிடி, டிவிடி பராமரிப்புக் கையேடும் ஐசோபுரோப்பைலை ஏற்றுக்கொள்கிறது. 70 சதவீதக் கரைசல் போதும். அதிலுள்ள நீர் ஆவியாவதைச் சற்றுத் தாமதப்படுத்துவதால் கறையில் வேலை செய்ய நேரம் கிடைக்கும். 99 சதவீதம் சட்டென்று பறந்துவிடும். பிடிவாதமான பசைக்கும் ஈரம் மிச்சம் இருக்கக் கூடாத இடத்துக்கும் அது ஏற்றது.

நாலைந்து சொட்டு துணியில்தான் விட வேண்டும், டிஸ்க்கில் அல்ல. வழிந்து மேல்பக்கம் போனால் அச்சு மை கரையக்கூடும். மணல் இருந்தால் முதலில் நீரில் அலசிவிட்டே ஆல்கஹாலுக்கு வர வேண்டும். அந்த வரிசை மாறும்போதுதான் ஆல்கஹாலுக்குக் கெட்ட பெயர் வருகிறது. புளூ-ரேயில் இதை வழக்கமாக்க வேண்டாம். நீருக்கு மசியாத ஒரு புள்ளிக்கு மட்டும் தொட்டு எடுங்கள்.

கை கழுவும் சானிடைசர் ஜெல் இதற்கு மாற்றாகாது. அதில் கிளிசரினும் கெட்டிப்படுத்தும் பொருளும் உண்டு; துடைத்த பின் மங்கல் படியும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் மூன்றும் பாலிகார்பனேட்டை வெளுக்கவைத்து வெடிப்பு விழச் செய்யும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உடனே காட்டிக்கொடுக்காது, ஆனால் அதுவும் பாலிகார்பனேட்டுக்குப் பகை.

கடைகளில் கிடைக்கும் டிஸ்க் கிளீனர் ஸ்பிரே பெரும்பாலும் நீர், ஆல்கஹால், சிறிது சோப்புப்பொருள் கலவை. வசதி உண்டு, கூடுதல் சக்தி இல்லை. கிராமபோன் இசைத்தட்டுக்கான ஸ்பிரேயைச் சிடியில் அடிப்பது மட்டும் கூடாது. அது வேறு பிளாஸ்டிக்குக்காகக் கலந்தது.

பாலிஷ்: இது சுத்தம் அல்ல, செதுக்கல்

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தேய்த்து, கீறலின் கூர்மையான ஓரங்களை மழுங்கவைக்கிறது. அதனால் ஒளி சிதறுவது குறைகிறது. எடுத்த பிளாஸ்டிக் திரும்பாது. ஆகவே இது கடைசிப் படி. கழுவிய பிறகும் ஓடாத, அடிப்பக்கக் கீறல் கண்ணால் தெரிகிற சிடிக்கும் டிவிடிக்கும் மட்டும். புளூ-ரேயில் பாலிஷ் கிடையவே கிடையாது. கடினப் பூச்சு போய்விட்டால் எஞ்சும் 0.1 மி.மீ. உறை எதையும் தாங்காது.

பற்பசையா, பிளாஸ்டிக் பாலிஷா? இரண்டும் உராய்பொருள்தான். பற்பசையில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ இருக்கும். துகள் எவ்வளவு பருமன் என்று குழாயில் எழுதியிருக்காது. பல்லை வெண்மையாக்கும் வகைகளில் உராய்வு அதிகமாக இருக்கக்கூடும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பாலிஷில் ஆழக் கீறலுக்கு ஒன்று, மெருகுக்கு ஒன்று என்று தரம் பிரித்திருப்பார்கள். தோற்றாலும் பரவாயில்லை என்ற டிஸ்க்குக்குப் பற்பசை போதும். திரும்ப வாங்க முடியாத டிஸ்க்கில் அதை வைத்துச் சோதிப்பது நியாயமில்லை.

கழுவி உலர்ந்த டிஸ்க்கை, சமதளத்தில் மடித்து விரித்த சுத்தமான துணிமேல் அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வெறும் மேசையில் வைத்து அழுத்தினால் கீழே மாட்டும் துகள் அலுமினியத்தைக் குத்திவிடும். ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் போய் மறுபக்கம் போய்விடும். ஈரத்துணியில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, கீறலும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலமும் மட்டும், நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று நிமிடம். அழுத்தம் வேண்டாம். அலசி, ஓட்டிப் பாருங்கள். கீறல் கண்ணுக்குத் தெரிகிறதே என்று தொடர வேண்டாம். டிரைவ் படித்துவிட்டால் வேலை முடிந்தது.

மெழுகு இதற்கு நேர்மாறு: எதையும் எடுக்காமல் நிரப்புகிறது. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58, காற்றுடையது 1. மெழுகு இடையில், 1.44-ஐ ஒட்டி இருக்கிறது. கீறலுக்குள் காற்றுக்குப் பதில் மெழுகு இருந்தால் ஒளி வளைவது குறையும். உராய்பொருள் கலக்காத மெழுகை மெல்லப் பூசி, மிச்சத்தை முழுதும் துடைத்து, உடனே தரவைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நிரந்தரம் இல்லை, ஆனால் டிஸ்க்குக்குத் தீங்கும் இல்லை. ஒரே ஒரு முறை படித்தால் போதும் என்ற நிலையில் பாலிஷைவிட மெழுகே மேல்.

கைப்பிடி சுழற்றும் சிறு இயந்திரங்கள் குறுக்கு வரிகளாகத் தேய்த்து டிஸ்க்கை மங்கலாக விட்டுவிடும். படிக்கும், ஆனால் பார்க்க நன்றாக இராது. நீர் ஊற்றித் தேய்க்கும் தொழில்முறை இயந்திரம் பல டிஸ்க்குகளைப் புதிதுபோல ஆக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தடிமன் குறைகிறது, தேய்ப்பு சமமாக இல்லாவிட்டால் லேசர் குவியமும் பிசகும்.

குறை டிஸ்க்கிலா, லென்ஸிலா?

இதை உண்மையில் முதலில் பார்க்க வேண்டும். ஒரு டிஸ்க் மட்டும் எல்லா டிரைவிலும் திணறினால் டிஸ்க்கைக் கழுவுங்கள். எல்லா டிஸ்க்கும் ஒரே டிரைவில் திணறினால் லென்ஸில் படலம் இருக்கலாம். பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க் தூசியைத் தட்டிவிடும், புகைப்படலத்தை எடுக்காது. லென்ஸோ மெல்லிய கம்பிகளில் தொங்குவது. சுழலும் தூரிகை அதைத் தட்டுவது நல்லதல்ல. மின்னிணைப்பைத் துண்டித்து, தட்டு திறந்து லென்ஸ் தெரியும் மாதிரியாக இருந்தால், ஊதுகுழல் முதலில். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால், தன் எடையில் படுமளவு, ஒரே ஒரு வட்டம். அழுத்தினால் கம்பி வளையும்.

வைக்கும் விதம்

சுத்தம் செய்த டிஸ்க்கை உறையில் செருகும்போதே மறுபடி தேய்ப்பு தொடங்குகிறது. ஆல்பம் போன்ற பிளாஸ்டிக் உறைகள் இடம் மிச்சப்படுத்தும், ஆனால் உள்ளே புகுந்த துகள் ஒவ்வொரு முறை செருகும்போதும் கோடு போடும். நடுவில் பிடித்து நிறுத்தும் கெட்டிப் பெட்டி, தரவுப் பகுதியில் எதுவும் படாமல் வைக்கிறது, நெடுநாளைக்கு அதுவே. எடுக்கும்போது நடுப்பல்லை அமுக்கி எடுங்கள், டிஸ்க்கை வளைத்து இழுக்காதீர்கள். டிவிடியில் ஒட்டுப் பசை விடுவதற்கு அந்த வளைப்பே காரணமாகலாம்.

நிறுத்தி அடுக்குங்கள், 4 முதல் 20 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்பது நெடுங்காலச் சேமிப்புக்கான பரிந்துரை. வீட்டில் பதிவுசெய்த சிடி, டிவிடிகளில் பெரும்பாலானவற்றில் தரவு ஒளியுணர் சாயத்தில் இருக்கிறது. அவற்றை ஜன்னலோர வெளிச்சத்தில் வைக்கவே கூடாது. பெயர் எழுத நீர் கலந்த மையுள்ள பேனா, முடிந்தால் நடுத்துளையை ஒட்டிய தெளிந்த வளையத்தில். ஒட்டிய லேபிள் பிய்ந்து தொங்கினாலும் உரிக்காதீர்கள். சிடியில் அரக்கும் அலுமினியமும் சேர்ந்து வரும். தொங்கும் நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டு, டிரைவின் வேகத்தைக் குறைத்து வைத்து நகலெடுத்துக்கொள்ளுங்கள்.